படித்துச் சொன்னவள்

கணினியில் அந்தச் சிவப்புத் திரை வந்து சைரன் அலறியபோது நான் பயந்துபோனேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். பயப்படவில்லை. எரிச்சல்தான் வந்தது. யாருக்காகவோ ஒரு நிலவரி மனுவைப் பாதி வரை தட்டச்சு செய்திருந்தேன், அது திரைக்குப் பின்னால் எங்கோ போய்விட்டது. கணினிக்குள் வைரஸ் புகுந்துவிட்டது, அணைக்க வேண்டாம், உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. அணைக்க வேண்டாம் என்றால் அணைக்காமல் இருக்கிற ஆள் நான். முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் உட்கார்ந்து பழகியவள்.

எங்கள் ஊர் கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம், கேரளத்துக்குள் இருக்கிறது. வீட்டில் தமிழ், தோப்பில் தமிழ், பால் சொசைட்டியில் தமிழ். அரசாங்கம் மட்டும் மலையாளம். என் வயதுக்காரர்களும் எனக்கு ஒரு பத்துப் பதினைந்து வருடம் இளையவர்களும் தமிழ் மீடியத்தில் படித்தவர்கள், அல்லது படிக்காதவர்கள். பஞ்சாயத்திலிருந்தும் கிருஷி பவன் என்கிற விவசாய ஆபீஸிலிருந்தும் காகிதம் வந்தால் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு என்னிடம் வருவார்கள். நான் படித்துச் சொல்வேன். தேவைப்பட்டால் பதிலும் எழுதிக் கொடுப்பேன். ஓய்வு பெற்ற பிறகு மகன் வாங்கிக் கொடுத்த மடிக்கணினி இதற்குத்தான் பயன்பட்டது.

நான் படிக்கிற விதம் ஒன்று உண்டு. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை யாருக்கும் படித்துக் காட்ட மாட்டேன். மேற்கண்ட விஷயம் தொடர்பாக, தாங்கள் சமர்ப்பித்த, என்று அரைப்பக்கம் ஓடும் சங்கதி எதற்கு? கண்ணை ஓட்டி, காரியம் எந்த வரியில் இருக்கிறதோ அதை மட்டும் எடுத்துச் சொல்வேன். "பதினைஞ்சாந் தேதிக்குள்ள ரேஷன் கார்டு நகல் கேக்கறாங்க, அவ்வளவுதான்." வந்தவர் நிம்மதியாகப் போவார். டீச்சர் ஒரு பார்வை பார்த்தால் போதும் என்று ஊரில் பேச்சு.

திரையில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். மலையாளத்தில் பேசத் தயாராக வாயை வைத்துக்கொண்டிருந்தேன். எதிர்முனையில், "வணக்கமுங்க, சொல்லுங்க மேடம், கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் தொந்தரவுங்களா?" என்றது ஓர் ஆண் குரல். பொள்ளாச்சி சந்தையில் பக்கத்தில் நின்று பேசுவதுபோல அப்படியே எங்கள் தமிழ். எனக்கு அறுபத்தொரு வயது. அதுவரை எந்த ஆபீஸும் என்னிடம் என் பாஷையில் பேசியதில்லை. சம்பளம் கொடுத்த ஆபீஸ்கூட.

அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்தான். ஏதோ ஒன்றை இறக்கச் சொன்னான், இறக்கினேன். அவன் எங்கோ உட்கார்ந்து அசைக்க, என் திரையில் அம்பு நகர்ந்தது. எந்த ஊருங்க, தென்னையா நெல்லா, இந்த வருசம் தண்ணி பரவாயில்லைங்களா என்று பேசிக்கொண்டே வேலை செய்தான். இந்தக் கணினியில் பேங்க் கணக்கு ஏதும் பார்ப்பதுண்டா என்று கேட்டான். அதெல்லாம் இல்லை, பென்ஷன் ட்ரெஷரியில் வருகிறது, நேரில் போய் வாங்குவேன் என்று பெருமையாகவே சொன்னேன். "அது பரவாயில்லைங்க மேடம். நமக்குக் காசெல்லாம் வேண்டாமுங்க. தெரிஞ்சவங்களுக்கு இந்த மாதிரி ஆச்சுன்னா நம்ம நம்பரைக் குடுங்க, போதும்" என்றான். என்னிடம் எடுப்பதற்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டுதான் என்னை விட்டிருக்கிறான். எனக்கு அன்றைக்கு அது மரியாதையாகப் பட்டது.

எண்ணை ஒரு சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதிக் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். மனு எழுத வந்த நாலு பேரிடம் நானாகவே சொன்னேன். தமிழில் பேசுகிறார்கள், காசு வாங்குவதில்லை, நம்ம ஆளுங்க மாதிரி என்று. மூன்று பேர் தலையாட்டிவிட்டுப் போனார்கள். நாலாவது ஆள் பக்கத்துக் களத்து வீட்டு அம்மிணி.

அம்மிணி என்பது நான் கூப்பிடுவது. வயது நாற்பத்தைந்து இருக்கும். புருஷன் போய் ஏழு வருடம். மூன்று மாடு வைத்திருக்கிறாள், மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். பஞ்சாயத்தின் வீட்டுத் திட்டத்தில் பெயர் வந்து, அஸ்திவாரத்துக்கு ஒரு தவணை, சுவருக்கு ஒரு தவணை என்று வாங்கிச் சுவர் எழும்பி நின்றது. கூரைக்கான தவணை அப்போதுதான் கணக்கில் விழுந்திருந்தது. மகள் சேர்த்து அனுப்பியதும் அதிலேயே கிடந்தது. மழைக்கு முன்னால் காங்கிரீட் போட்டுவிட வேண்டும் என்று மேஸ்திரிக்குச் சொல்லி வைத்திருந்தாள். பணம் விழுவதைப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று மகள் அவள் போனில் பேங்க் ஆப் போட்டுக் கொடுத்திருந்தாள். அத்தனை காகிதத்தையும் படித்தவள் நான்தான், அதனால் அவள் கணக்கில் என்ன இருந்தது என்பது அவளைவிட எனக்குத் தெளிவாகத் தெரியும்.

ஒருநாள் காலை பத்துப் பதினோரு மணிக்குப் போனை நீட்டிக்கொண்டு வந்தாள். "ஏனுங்க டீச்சர், இது தொட்டாலே கத்துதுங்க. செவப்பா என்னமோ வருது. மாடு மெரளுது" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அதே சிவப்பு. இதற்குத்தான் நம்மிடம் மருந்து இருக்கிறதே என்று சீட்டைப் பார்த்து அவள் போனிலிருந்து நானே எண்ணை அழுத்தினேன். ஒலிபெருக்கியைப் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டு, அடுப்பில் பருப்பு இருந்ததால் உள்ளே போனேன்.

அவர்கள் பேசுவது சமையலறை வரை கேட்டது. அவன் சொல்லச் சொல்ல இவள் தொட்டாள். எங்கே தொடுவது என்று தெரியாதபோது, "பச்சையா இருக்கறதுங்களா? ஆங், அமுக்கிட்டனுங்க" என்றாள். நன்றாகத்தான் நடக்கிறது என்று நான் கடுகு தாளித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "டீச்சர், இங்கிலீசுல ஏதோ மெசேஜ் வந்திருக்குதுங்க. அவரு நம்பர் கேக்கறாருங்க, சித்த வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தேன். ஆறு எண்கள். ஒவ்வொன்றாக, போனுக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னேன். வகுப்பில் சொல்கிற குரல்.

"தேங்க்ஸுங்க. அந்த டீச்சர் மேடம்தானுங்களே? சவுக்கியமுங்களா?" என்றான் அவன். சவுக்கியம் என்றேன். இன்னும் இரண்டு மெசேஜ் வந்தது. அவற்றையும் படித்துச் சொன்னேன்.

அந்த மெசேஜில் எண்ணுக்கு முன்னாலும் பின்னாலும் எழுத்து இருந்தது. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்ற வரி இருந்தது. தொகை இருந்தது. நான் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது, என் கண் அதன்மேல் ஓடத்தான் ஓடியது. ஆனால் காரியம் எண்ணில்தானே இருக்கிறது? எண்ணை எடுத்தேன். முன்பின் தெரியாதவனிடம் இந்த எண்களைச் சொல்லக் கூடாது என்று நானே பத்துப் பேருக்குப் புத்தி சொன்னவள். இவன் முன்பின் தெரியாதவன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தண்ணி பரவாயில்லைங்களா என்று கேட்டவன் ஆயிற்றே.

சாயங்காலம் மகள் தன் போனில் கணக்கைப் பார்த்துவிட்டுத் திருப்பூரிலிருந்து கூப்பிட்டுப் பணமெல்லாம் யாருக்கு அனுப்பினாய் என்று கேட்ட பிறகுதான் அம்மிணிக்குத் தெரிந்தது. ஓடி வந்தாள். வாசலில் நின்று சொன்னாள். அழவில்லை, "என்னமோ ஆயிப்போச்சுங்க டீச்சர், மக கணக்குல ஒண்ணும் இல்லீங்கறாளுங்க" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். அந்த எண்ணை அழைத்துப் பார்த்தேன், மணி அடித்து நின்றது. நான் பதறியிருக்க வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி உடம்பு முழுக்க மரத்துப்போயிருந்தது. காலையில் பேங்குக்குப் போகலாம், அங்கிருந்து பாலக்காட்டுக்குப் போகலாம் என்றேன். சீட்டைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். பணம் போனதைச் சொன்னேன், எண் கொடுத்ததைச் சொன்னேன். படித்துச் சொன்னதைச் சொல்லவில்லை. அவர், "கூடத் தொணைக்குப் போ, வேண்டாங்கலே. அங்க போயி உம்பேரை இழுத்து உட்டுக்காதே. பென்ஷன் வாங்கறவ" என்றார். நல்ல யோசனையாகத்தான் எனக்கும் பட்டது.

பேங்கில் எழுதி வாங்கிக்கொண்டு போலீஸுக்குப் போங்கள் என்றார்கள். பாலக்காட்டில் இந்த மாதிரிக் கேஸுக்கென்று தனி ஸ்டேஷன் இருக்கிறது. அங்கே இருந்த அதிகாரி சின்ன வயது, தெற்கேயிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகிறதாம். பொறுமையானவர். அம்மிணி படபடவென்று எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். தனக்குச் சினிமாத் தமிழ்தான் தெரியும், இவ்வளவு வேகமாகப் பேசினால் பிடிபடவில்லை என்று மலையாளத்தில் சொல்லி என்னைப் பார்த்தார். நான் டீச்சர், மாற்றிச் சொல்கிறேன் என்றேன். அவருக்கு நிம்மதி. எனக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"நம்பர் எவிடெந்நு கிட்டி?" என்று கேட்டார்.

நான் அம்மிணியிடம் திரும்பி, நம்பர் எங்கே கிடைத்தது என்று கேக்கறார் என்றேன். "நீங்க குடுத்ததுங்களே டீச்சர். உங்க கம்ப்யூட்டருக்கு ஆனப்பக் கூப்பிட்டீங்கல்லங்க, அந்த நம்பர்" என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. ஞாபகப்படுத்துகிற குரல்.

நான் அதிகாரியிடம் திரும்பி, போனில் வந்த விளம்பரத்தில் இருந்தது என்கிறார் என்றேன்.

மலையாளத்தில் அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பது இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. ஒரு சொல் தடுக்கவில்லை. அவர் எழுதிக்கொண்டார். இதே எண்ணுக்கு இதற்கு முன்னால் வேறு யாராவது அழைத்தது தெரியுமா, அவர்கள் நுழைந்த வேறு கணினி, போன் ஏதாவது இருந்தால் உதவும், எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது, பணம் கைமாறுவதற்குள் எங்கேயாவது நிறுத்த முடியுமா என்று பார்க்கலாம் என்றார். அம்மிணியைக் கேட்காமலே தெரியாது என்றேன். என் கணினி வீட்டில் மேசைமேல், பூப்போட்ட துணி மூடி இருந்தது.

அப்புறம் கேட்டார். "ஓடிபி ஆரா பறஞ்ஞு கொடுத்தது?"

ஓடிபியை அவனுக்கு யார் சொன்னது என்று கேக்கறார் என்றேன். அம்மிணி என்னையே பார்த்தாள். பிறகு, "எனக்கு இங்கிலீசு வராதுன்னு டீச்சர்தானுங்க படிச்சுச் சொன்னாங்க" என்று அவரைப் பார்த்துச் சொன்னாள்.

அதிகாரியின் பேனா நின்றது. "டீச்சர் எந்நு எந்தோ பறஞ்ஞல்லோ?" என்றார். டீச்சர் என்று ஏதோ சொன்னாரே என்கிறார்.

டீச்சரைத் துணைக்குக் கூட்டி வந்தேன் என்கிறார், எண்ணை இவரேதான் சொன்னாராம் என்றேன். அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டி எழுதினார். எழுதி முடித்து முழுவதையும் உரக்க ஒருமுறை படித்தார். விளம்பரத்தில் கண்ட எண்ணைத் தானே அழைத்து, ரகசிய எண்ணைத் தானே சொன்னதாக அம்மிணியின் வாக்குமூலம் மலையாளத்தில் அழகாக இருந்தது. கையெழுத்துப் போடச் சொன்னார். தமிழில் போடலாமா என்று கேட்டாள். போடலாம் என்றார். நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாகப் போட்டாள்.

வெளியே வந்து டீ குடித்தோம். நான் காசு கொடுத்தேன். வெட்கமோ குற்ற உணர்ச்சியோ எதுவும் வரவில்லை என்பதை நானே கவனித்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்தது, பஸ் எத்தனை மணிக்கு என்பதுதான் மனதில் ஓடியது. அப்படியும் ஒரு மனுஷி இருப்பாளா என்று கேட்டால், இருந்தேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அம்மிணி, பக்கத்தில் நான். எங்கள் பக்கத்துச் சித்தூரைத் தாண்டினோம். நான் மாட்டைப் பற்றி ஏதோ கேட்டேன். பதில் சொன்னாள். பிறகு முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"மலையாளம் எனக்குக் கேட்டாப் புரியுமுங்க டீச்சர். படிக்கத்தாங்க வராது."

இருபது வருடமாகப் பஞ்சாயத்தில், ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எங்கள் ஊரில் எல்லாருக்கும் கேட்டால் புரியும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். படிக்கத் தெரியாதவளுக்குக் காதும் கேட்காது என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது எப்படியோ முடிவு செய்துவிட்டேன்.

"அப்பறம் ஏன் அம்மிணி அங்கயே சொல்லுல?" என்றேன்.

"சொல்லோணும்னுதாங்க இருந்துச்சு. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சுங்க." கம்பியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "உங்களைக் காட்டிக் குடுத்துப்போட்டு, நாளைக்கு ஒரு காயிதம் வந்தா நான் ஆருகிட்டங்க கொண்டுட்டுப் போவேன்?"

கோபம் இல்லை அதில். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன், பெருந்தன்மையாக மன்னித்திருந்தால் அழுதாவது தொலைத்திருப்பேன். மாட்டுக்குத் தவிடு எங்கே வாங்குவது என்று யோசிக்கிற மாதிரி யோசித்திருக்கிறாள். கூரை போன பிறகும் படிக்க ஓர் ஆள் வேண்டும். அதற்காக என் பொய்யின் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அதுவரை மரத்துக் கிடந்தது அந்த இடத்தில்தான் வலித்தது, அதுவும் கொஞ்சம்தான்.

ஸ்டாப்பில் இறங்கினோம். மாடு கறக்க நேரமாகிவிட்டது என்று அவள் வேகமாக நடந்தாள். அரைகுறைச் சுவர்களைத் தாண்டி அவள் தகரக் கொட்டகைக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பணம் திரும்ப வந்ததா என்று படிக்கிறவர்கள் கேட்பார்கள். வரவில்லை. அந்த மழைக்காலத்தை அவள் கொட்டகையில்தான் கழித்தாள். அடுத்த கோடையில் என் பென்ஷனிலிருந்து காங்கிரீட் போட்டோம். பணத்தால் சரியாகிற பகுதி அது, அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பூப்போட்ட துணியோடு கணினியைத் தூக்கிப் பையில் வைத்தேன். வீட்டுக்காரர் தோப்பில் இருந்தார். நாங்கள் வந்த பஸ் செக்போஸ்ட் வரை போய்த் திரும்பி வந்தது, அதிலேயே ஏறினேன். கண்டக்டர், ஏதாவது மறந்து வைத்துவிட்டீர்களா டீச்சர் என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஸ்டேஷனில் அந்த அதிகாரி கிளம்புவதற்குப் பையை எடுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் திரும்ப உட்கார்ந்தார். கணினியை மேசைமேல் வைத்தேன். வழியெல்லாம் மலையாளத்தில் வாக்கியம் வாக்கியமாகச் சேர்த்து வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் தமிழ்தான் வந்தது. "நம்பர் நான் குடுத்ததுங்க. ஓடிபியும் நான்தான் படிச்சுச் சொன்னேன். அவ உங்ககிட்டச் சரியாத்தான் சொன்னா. நான்தான் உங்களுக்கு மாத்திச் சொல்லிட்டேன்."

அவர் நெற்றியைச் சுருக்கினார். "மனசிலாயில்ல டீச்சரே. மலையாளத்தில் பறயூ" என்று, புரியவில்லை என்பதாகக் கையை விரித்தார்.

நான் சுற்றிலும் பார்த்தேன். எனக்காக மாற்றிச் சொல்ல அங்கே யாரும் இல்லை.